சம்பளத்தில் வரிப் பிடித்தம்

மாதம் முழுதும் உழைத்தவர் மாத இறுதியில் ஊதியம் பெறுகின்றார். ஊதியத்தோடு சம்பளப் பட்டியல் ஒன்றும் அவர் கைக்கு வருகின்றது. அப்பட்டியலின் ஒரு பக்கத்தில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலிய வரவுகள் காணப்படும். மற்றொரு பக்கத்தில் வருங்கால வைப்பு நிதி, தொழில் வரி, வருமான வரி முதலிய பிடித்தங்கள் காணப்படும். வரவுப் பக்கத்தை விரும்பிப் படிப்போர் பலர். பிடித்தப் பக்கத்தை விளங்கிப் படிப்போர் சிலர். பிடித்தங்களுள்ளும் வருமான வரிக்கு எதிரே நிற்கும் தொகை பலருக்குப் புதிராகவே இருக்கின்றது. ஓர் அலுவலகத்தில் ஒரே சம்பளம் பெறும் இருவருள் ஒருவருக்கு மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் பிடிக்கப்படுகின்றது. ஒருவருக்கே ஜூன் மாதத்தில் ஒரு தொகையும் பிப்ரவரி மாதத்தில் வேறொரு தொகையும் பிடிக்கப்படுகின்றன. இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது? இத்தொகையை வரையறுப்பவர் யார்? இவற்றை அறியாதவர் தம் பொருளின் கணக்கைத் தாமே அறியாதவர் ஆவர்.

களத்திலே அளந்த பங்கு

விளைவில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு இறையாகும் என்பது பண்டைய மரபு. நெல், களத்துமேட்டில் பொலியாகக் குவிந்திருக்கும்போது அப்பங்கை அளந்து எடுத்தல் எளிது. அதே நெல் வீட்டுக் குதிருக்குள் புகுந்து, உண்ணப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், அரசன் பங்கைத் தேடிப் பெறுதல் அரிது. கொடுப்போனுக்கும் களத்தில் கொடுப்பதே எளிது. கைக்கு வந்து செலவான பொருளைத் திரும்பத் திரட்டுவது எவர்க்கும் துன்பந்தானே? வருவாய் தோன்றும் இடத்திலேயே வரியைப் பிரித்தெடுத்தல் என்னும் இக்கால முறையும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. சம்பளம் தோன்றும் களம் அதனை வழங்கும் நிறுவனமே ஆகும்.

இம்முறையின் பயனை இங்கிலாந்து நாட்டின் வரலாறு காட்டுகின்றது. அந்நாட்டில் 1799ஆம் ஆண்டு வில்லியம் பிட் என்னும் தலைமையமைச்சர் வருமான வரியை முதன்முதலாகக் கொண்டுவந்தார். மிக்க வருவாயுடையோர் நூற்றுக்குப் பத்து வீதம் செலுத்தவேண்டும் என்று சட்டம் கூறிற்று. ஆனால், எதிர்பார்த்த பொருள் கருவூலத்திற்கு வந்து சேரவில்லை. பின்னர், 1803ஆம் ஆண்டில் ஆடிங்டன் என்பார் வரிவீதத்தைப் பாதியாகக் குறைத்தார். ஆயினும், பலவகை வருவாய்களில் அவற்றை வழங்குவோரே வரியைப் பிடித்துச் செலுத்துமாறு விதித்தார். வீதம் பாதியாகியும் கிடைத்த பொருள் ஏறத்தாழ முன்னைய அளவை எட்டியது. இந்தியாவில் வருமான வரியை 1860ஆம் ஆண்டில் புகுத்தியவர் ஜேம்ஸ் வில்சன் ஆவர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் நேர்ந்த பெருஞ்செலவை ஈடுசெய்வதே அதன் நோக்கம். பின் வந்த 1922ஆம் ஆண்டுச் சட்டமும், விடுதலைக்குப்பின் இயற்றப்பெற்ற 1961ஆம் ஆண்டுச் சட்டமும் சம்பளத்தில் வரி பிடிக்கும் கடமையை வேலை கொடுப்போர்மீது வைத்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதனைக் கூறுவது 192ஆம் பிரிவாகும். அச்சட்டத்திற்கு மாற்றாக, 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து செயற்படுமாறு 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பெற்றது. சம்பளத்தில் வரி பிடிக்கும் அடிப்படை அதனால் மாறவில்லை.

ஆண்டே அளவை

களத்து நெல்லுக்கும் சம்பளத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. களத்தில் விளைவு முழுதும் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகின்றது. சம்பளமோ மாதந்தோறும் சிறிது சிறிதாக வருவது. வருமான வரியோ ஆண்டு முழுதும் வந்த வருவாயின்மீது விதிக்கப்படுவது. ஏப்ரல் மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது எஞ்சிய பதினொரு மாதச் சம்பளம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆதலின், ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் நோக்கி, அதில் இவ்வளவு வரி என்று கூறுதல் இயலாது.

இவ்விடர்ப்பாட்டிற்குச் சட்டம் ஒரு வழி கண்டது. ஏப்ரல் முதல் மார்ச் முடிய உள்ள நிதியாண்டில் ஊழியர் பெறக்கூடிய சம்பளம் முழுவதையும் நிறுவனம் முன்னதாக மதிப்பிடவேண்டும். அம்மதிப்பீட்டின்மீது ஆண்டு வரியைக் கணக்கிடவேண்டும். அவ்வரி மொத்த வருவாயில் என்ன வீதமாக அமைகின்றதோ, அந்தச் சராசரி வீதப்படி ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் பிடிக்கவேண்டும். சம்பளம் மாதந்தோறும் ஒரே அளவினதாயின், ஆண்டு வரியைப் பன்னிரண்டால் வகுத்து வருவதே மாதப் பிடித்தமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம் பெறும் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 2025-26ஆம் நிதியாண்டில், புதிய வரிமுறையின்படி, அவருக்குரிய கணக்கு வருமாறு அமையும்.

அவருடைய ஆண்டுச் சம்பளம் 14,40,000 ரூபாய். சம்பளம் பெறுவோர் அனைவர்க்கும் பொதுவாக அளிக்கப்படும் நிலையான கழிவு 75,000 ரூபாய். அதனை நீக்கினால், வரிக்கு உரிய வருமானம் 13,65,000 ரூபாய் ஆகின்றது.

இவ்வருமானம் முழுவதற்கும் ஒரே வீதத்தில் வரி விதிக்கப்படுவதில்லை. வருமானம் படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, படிக்கு ஒரு வீதம் விதிக்கப்படுகின்றது. முதல் 4,00,000 ரூபாய்க்கு வரி இல்லை. அடுத்த 4,00,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 5 வீதம். வரி 20,000 ரூபாய். அதற்கடுத்த 4,00,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 10 வீதம்; வரி 40,000 ரூபாய். எஞ்சிய 1,65,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 15 வீதம். வரி 24,750 ரூபாய். ஆக மொத்தம் 84,750 ரூபாய். இவ்வரியின்மீது உடல்நலத்திற்கும் கல்விக்குமாக நூற்றுக்கு 4 வீதம் செஸ் என்னும் தீர்வை உண்டு. அது 3,390 ரூபாய். இரண்டையும் கூட்ட, ஆண்டு வரி 88,140 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதந்தோறும் பிடிக்கவேண்டிய தொகை 7,345 ரூபாய் என்பது கிடைக்கின்றது.

இக்கணக்கில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அப்பொறியாளர் நூற்றுக்கு 15 வீதம் என்னும் படியில் நிற்கின்றார். எனினும், அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்படுவது நூறு ரூபாய்க்குச் சற்றேறக்குறைய 6 ரூபாயே ஆகும். மேற்படியின் வீதம் அப்படிக்குள் விழும் தொகைக்கு மட்டுமே உரியது. கீழ்ப்படிகளில் உள்ள தொகையை அது தீண்டாது. இதனை அறியாதார் சிலர், சம்பளம் உயர்ந்து அடுத்த படிக்குச் சென்றால் முழுச் சம்பளத்திற்கும் மிகுந்த வரி விழும் என்று அஞ்சுவர். அவ்வச்சம் பொருந்தாது.

வரிக்கு உரிய வருமானம் 12,00,000 ரூபாயைத் தாண்டாதவர்க்குப் படிகளின்படி வந்த வரி முழுவதும் அவ்வாண்டில் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆகவே, நிலையான கழிவையும் சேர்த்து நோக்கின், ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை சம்பளம் மட்டுமே பெற்றவரிடம் வரி பிடிக்க வேண்டியதில்லை. அவ்வெல்லையைச் சிறிதே கடந்தவர்க்கும் சட்டம் இரக்கம் காட்டியது. வரிக்கு உரிய வருமானம் 12,10,000 ரூபாய் ஆனவர்க்குப் படிகளின்படி 61,500 ரூபாய் வரி வரும். பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகப் பெற்றதற்காக அறுபதாயிரத்திற்கு மேல் இழக்க நேர்வது முறையன்று. ஆதலின், தீர்வை நீங்கலாக அவர் செலுத்தவேண்டிய வரி, எல்லையைக் கடந்த தொகையாகிய 10,000 ரூபாய் அளவிலேயே நிறுத்தப்பட்டது.

இடையில் நேரும் மாற்றம்

மதிப்பீடு என்பது முன்னரே எண்ணிக் கூறுவது. அது பின்னர் மாறக்கூடும். ஆண்டின் இடையே சம்பளம் உயரலாம்; போனஸ் கிடைக்கலாம்; நிலுவைத் தொகை வரலாம். அப்போது நிறுவனம் கணக்கைத் திருத்தி, முன்பு குறைத்துப் பிடித்ததையும் கூட்டிப் பிடித்ததையும் அவ்வாண்டிற்குள்ளேயே சரிசெய்துகொள்ளச் சட்டம் இடந்தருகின்றது.

மேற்கூறிய பொறியாளருக்கு அக்டோபர் முதல் சம்பளம் 1,40,000 ரூபாயாக உயர்ந்தது என்று கொள்வோமாயின், ஆறு மாதத்தில் அவர் கூடுதலாகப் பெறுவது 1,20,000 ரூபாய். வரிக்கு உரிய வருமானம் 14,85,000 ரூபாயாகவும், தீர்வை உட்பட ஆண்டு வரி 1,06,860 ரூபாயாகவும் உயரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடியப் பிடிக்கப்பட்டது 44,070 ரூபாய். எஞ்சிய 62,790 ரூபாயை ஆறு மாதங்களுக்குப் பகிர்ந்தால், மாதப் பிடித்தம் 10,465 ரூபாய் ஆகும். ஒருவருக்கே இருவேறு மாதங்களில் இருவேறு தொகை பிடிக்கப்படுவதன் காரணம் இதுவே.

ஊழியர் கூறவேண்டியவை

ஒரே சம்பளம் பெறும் இருவர்க்குப் பிடித்தம் வேறுபடுவதன் காரணம் வேறு. நிறுவனம் தான் கொடுக்கும் சம்பளத்தைத் தானே அறியும். ஊழியரின் பிற செய்திகளை அவர் கூறினாலன்றி அறியாது. 2023-24ஆம் நிதியாண்டு முதல், ஊழியர் ஒன்றும் கூறாவிடின் புதிய வரிமுறையின்படியே கணக்கிடுதல் விதியாயிற்று. பழைய வரிமுறையை விரும்புவோர் அதனை நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும். பழைய முறையில் வீதங்கள் மிகுதி; கழிவுகளும் மிகுதி. வீட்டு வாடகை, ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வீட்டுக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முதலியவற்றுக்கு அதில் கழிவு உண்டு. எம்முறை நலம் பயக்கும் என்பது அவரவர் கழிவுகளின் அளவைப் பொறுத்தது. வங்கி வட்டி போன்ற பிற வருவாயையும் ஊழியர் விரும்பினால் நிறுவனத்திற்குத் தெரிவித்து, அதற்குரிய வரியையும் சம்பளத்திலேயே பிடிக்கச் செய்யலாம்.

கூறுவது மெய்யாயிருத்தல் வேண்டும். கூறியதற்குச் சான்றும் வேண்டும். பழைய முறையைத் தேர்ந்த ஊழியர் ஒருவர், சேமிப்பிற்காக 1,50,000 ரூபாய் செலுத்துவதாக ஆண்டின் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கின்றார். நிறுவனம் அதனை நம்பிக் குறைத்தே பிடித்து வருகின்றது. ஆண்டின் இறுதியில் சான்று கேட்டபோது அவர் அத்தொகையைச் செலுத்தவே இல்லை என்பது தெரியவருகின்றது. கழிவு போக எஞ்சிய அவருடைய வருமானம் 10,00,000 ரூபாய்க்கு மேற்பட்டதாயின், மறுக்கப்பட்ட கழிவிற்கு நூற்றுக்கு 30 வீதம் வரியும் அதன்மேல் தீர்வையும் சேர்ந்து 46,800 ரூபாய் ஆகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களில் வழக்கமான பிடித்தத்தோடு மாதம் 15,600 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கப்படும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் அம்மாதங்களிலும் காத்து நிற்பதில்லை. பன்னிரண்டு மாதம் சுமக்கவேண்டிய சுமை மூன்று மாதத்தில் வந்து விழுந்தால் குடும்பம் தடுமாறும்.

வேலை மாறுவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலிற் கூறிய பொறியாளர் செப்டம்பர் மாதத்தோடு ஒரு நிறுவனத்தை விட்டு, அதே சம்பளத்திற்கு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார் எனின், புதிய நிறுவனம் தான் கொடுக்கப்போகும் ஆறு மாதச் சம்பளமாகிய 7,20,000 ரூபாயை மட்டுமே அறியும். அவ்வளவே வருமானமாயின் வரி இல்லை. ஆகவே அந்நிறுவனம் ஒன்றும் பிடியாது. முழுச் சம்பளமும் கைக்கு வருவது கண்டு அவர் மகிழ்வார். ஆயினும், ஆண்டு வரி 88,140 ரூபாயுள் முன்னைய நிறுவனம் பிடித்தது 44,070 ரூபாயே. எஞ்சிய 44,070 ரூபாயை ஆண்டு முடிவில் அவரே தம் கையிலிருந்து செலுத்தவேண்டும். உரிய காலத்தில் முன்வரியாகச் செலுத்தாமையால் வட்டியும் அதனோடு சேரும். முன்னைய சம்பளத்தையும் பிடித்தத்தையும் புதிய நிறுவனத்திற்கு உரிய படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், மாதம் 7,345 ரூபாய் என்னும் பழைய அளவே துன்பமின்றித் தொடர்ந்திருக்கும்.

பான் எண் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணையும் ஊழியர் தவறாது தரவேண்டும். வரி பிடிக்கவேண்டிய சம்பளம் உடையவர் அதனைத் தராவிடின், குறைந்தது நூற்றுக்கு 20 வீதம் பிடிக்கவேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

நிறுவனத்தின் பொறுப்பு

பிடிக்கப்பட்ட வரி நிறுவனத்தின் பொருளன்று. அது நாட்டின் பொருள். அரசின் கருவூலத்தைச் சேரும்வரை நிறுவனத்தின் கையில் இருக்கும் அடைக்கலப் பொருள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் தனியார் நிறுவனங்கள் செலுத்தவேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்திற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை உண்டு. பிடிக்கவேண்டிய வரியைப் பிடியாது விட்டால் மாதத்திற்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி. பிடித்தும் செலுத்தாது வைத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்றரை வீதம் வட்டி. பிடியாமையினும், பிடித்துத் தன்பால் வைத்துக்கொள்ளுதல் பெருங்குற்றம் என்பதை இவ்வட்டி வேறுபாடே உணர்த்தும். அக்குற்றத்திற்கு மூன்று மாதம் முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் அச்சட்டத்தில் விதிக்கப்பட்டது.

அங்ஙனம் ஒரு நிறுவனம் பிடித்த வரியைச் செலுத்தாது ஒழிந்தால் ஊழியர் நிலை என்னாகும்? சம்பளத்தில் பிடிக்கப்பட்ட அளவிற்கு அவரிடம் மீண்டும் வரி கேட்கலாகாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு அவரைக் காத்தது. அக்காப்பினை எளிதிற் பெறுதற்குப் பிடித்தம் நிகழ்ந்தது என்னும் சான்று வேண்டும். மாதந்தோறும் பெற்ற சம்பளப் பட்டியல்களே அதற்குச் சான்றாகும். அவற்றைக் குப்பையென எறியாது பேணிவைத்தல் அறிவுடைமை. நிதியாண்டு முடிந்தபின் நிறுவனம் வரிப் பிடித்தச் சான்றிதழ் ஒன்று வழங்கவேண்டும். படிவம் 16 என்னும் பெயரால் அது நெடுங்காலம் வழங்கி வந்தது. அரசின் கணக்கில் தம் பெயருக்கு எவ்வளவு வரவு வைக்கப்பட்டுள்ளது என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்திலும் ஊழியர் பார்த்தறியலாம். சம்பளப் பட்டியலில் கண்ட பிடித்தமும் அங்கே கண்ட வரவும் ஒத்திருக்கின்றனவா என்று இடையிடையே பார்த்து வருதல் நன்று. ஒவ்வாதவிடத்துக் காலந்தாழ்த்தாது நிறுவனத்தை வினவவேண்டும்.

இறுதிக் கணக்கு

சம்பளத்தில் பிடிக்கப்பட்டதே முடிந்த வரி என்று எண்ணுதலும் தவறு. அது மதிப்பீட்டின்மேற் பிடிக்கப்பட்டது. ஆண்டு முடிந்தபின் உண்மையான வருவாய் அனைத்தையும் கூட்டி, ஊழியர் தம் வருமான வரி விவரத்தை அரசுக்கு அளிக்கும்போதே வரி முற்றாக வரையறுக்கப்படுகின்றது. கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அத்தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கும்; குறைந்திருந்தால் அவர் எஞ்சியதைச் செலுத்தவேண்டும். பிடித்தம் மிகுதியாக நேர்ந்தும் விவரம் அளியாதிருப்பவர் தம் பொருளைத் தாமே கைவிட்டவர் ஆவர்.

ஆதலின், சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி மூன்றாலே வரையறுக்கப்படுகின்றது: ஆண்டு முழுதும் வரும் வருவாயின் மதிப்பீடு, சட்டம் வகுத்த வரிவீதம், ஊழியர் தந்த செய்தி. இவற்றுள் வீதத்தை மாற்றுதல் தனி ஒருவரால் ஆகாது. மெய்யான செய்தியைக் காலத்தே தருதலும், பிடித்ததைச் சரிபார்த்தலும் ஒவ்வோர் ஊழியரின் கையிலும் உள்ளன. இன்று பள்ளியில் கணக்குப் பயிலும் மாணவர் நாளை ஊதியம் பெறுவோர் ஆவர். முதல் மாதச் சம்பளப் பட்டியல் கைக்கு வரும் நாளில் அதன் இரு பக்கங்களையும் படித்து, ஆண்டு வரியைத் தாமே கணக்கிட்டுப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தல் அவர்க்கு இயலும். கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் அறிந்தார்க்கு அக்கணக்கு அரிதன்று.